கோபுரம் யாருடையது?

நுவரெலியா நகருக்கு வடபால் 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலையே இலங்கைத் தீவின் மிக உயர்ந்த கொடுமுடி. அதன் உச்சியில் நிறுத்தப்பெற்ற அலைபரப்பியின் துணைகொண்டு, ரூபவாஹினி என்னும் தேசியத் தொலைக்காட்சி 1982 பெப்ரவரி 15ஆம் நாள் தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. கொழும்பிலே பேசியவரின் முகம் மலையுச்சிக்கு ஏறி, அங்கிருந்து தீவின் பெரும் பகுதிக்கு இறங்கிற்று. அவ்வுச்சியைச் சூழ்ந்த சரிவுகளிற் கொழுந்து பறித்து வாழ்ந்த மக்களின் லயங்களுட் பெரும்பாலானவற்றில் அந்நாளில் மின்விளக்குக்கூட இல்லை. பின்னர் வந்த போர்க்காலத்தில் அம்மலை பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அடிவாரத்திற் பிறந்து வளர்ந்தவரும் பல்லாண்டுகள் அதன்மேற் கால்வைக்க முடியாதவராயினர்.

மலை நம்முடையது, கோபுரம் அவர்களுடையது என்று மேடைப் பேச்சாளர் ஒருவர் முழங்கக்கூடும். மலையும் நம்முடையதாக இருந்ததில்லை என்பதையே ஈண்டு நாம் எடுத்துரைக்க முற்படுகின்றோம். தேயிலை விளையும் நிலமும், ஒலியும் ஒளியும் செல்லும் வானும் இந்நாட்டில் ஏறத்தாழ ஒரே கால அளவில், ஒரே வகையான கைகளுக்கு மாறி வந்துள்ளன. முதலில் வெள்ளையர், அடுத்து அரசு, அதன்பின் பெருநிறுவனங்கள். அம்மாற்றங்கள் எவற்றிலும் லயத்து மனிதனிடம் ஒரு சொல் கேட்கப்பட்டதில்லை.

கொழும்பில் வானொலி முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16ஆம் நாள். லண்டனில் பி.பி.சி. தோன்றி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அகில இந்திய வானொலி என்னும் பெயர் தோன்ற இன்னும் பதினோர் ஆண்டுகள் இருந்தன. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பர் அதனை முன்னின்று நடத்தினார். முதற் பரிசோதனைகளுக்கு, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவி பயன்பட்டது என்பர். அந்நாளில் வானொலிப் பெட்டி எங்கு இருந்திருக்கும்? கொழும்பின் கறுவாத் தோட்டத்து மாளிகைகளில்; மலைநாட்டிலோ துரைமாரின் பங்களாக்களில்; 1876 முதல் நுவரெலியாவில் இயங்கி வந்த ஹில் கிளப் போன்ற மனமகிழ் மன்றங்களில். பெரட்டுக் களத்திற்கு அதன் ஒலி எட்டியிராது.

அதே காலத்தில், வானலை எதுவுமின்றியே தோட்டங்களுக்குள் ஒரு குரல் நுழைந்தது. அதனை மறந்துவிட்டு இவ்வரலாற்றை எழுதுதல் தகாது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், அத்துமீறல் சட்டம் அயலாரைத் தோட்ட எல்லைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த அந்நாளில், துணி வியாபாரி வேடத்தில் உள்ளே சென்று தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்று கூறுவர். ‘தேசபக்தன்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை தாமே பாட்டு இயற்றித் தொழிலாளரிடையே பாடினார். அச்சு இயந்திரம் ஒன்றும், பாடத் தெரிந்த ஒரு தொண்டையும்: மலையக மக்களுக்குச் சொந்தமான செய்தி நிலையம் அன்று அவ்வளவே. எனினும் அது அவர்களுடையதாக இருந்தது. பின்னாளில் வந்த எந்த நிலையத்தைப் பற்றியும் அவ்வாறு கூற நம்மால் இயலவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்காசியப் படைகளுக்கென நேசநாட்டார் கொழும்பில் வலிமை மிக்க சிற்றலை நிலையமொன்றை நிறுவினர். போர் ஓய்ந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949 ஒக்டோபர் முதலாம் நாள் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களமாயிற்று. இந்த ஆண்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரைக் குடிமக்கள் அல்லர் என்று ஒதுக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்கைப் பறித்தது. 1947இல் மலையக மக்களின் வாக்குகளால் ஏழு உறுப்பினர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1952 தேர்தலிலோ அம்மக்கள் வாக்குச் சாவடியின் வாசலைக்கூட மிதிக்க இயலவில்லை. நாடு தனக்கென ஒரு வானொலியைப் பெற்ற ஆண்டிலேதான், அந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தை ஈட்டித் தந்த மக்கள் தம் வாக்கை இழந்தனர். மக்களின் வானொலி என்று பெருமை பேசியபோது, ‘மக்கள்’ என்னும் சொல்லின் எல்லை அவ்வளவுக்குக் குறுகிவிட்டிருந்தது.

ஆயினும் வானலைக்குத் துரையின் அனுமதி வேண்டியதில்லை. அது அத்துமீறல் சட்டத்தை அறியாது. 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை, சில ஆண்டுகளில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் தன்பால் ஈர்த்தது. இந்திய அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கிவைத்ததும் அதற்கு ஒரு காரணம். டில்லி விலக்கிய பாட்டைக் கொழும்பு ஒலிபரப்பிப் பணமும் புகழும் ஈட்டிற்று. 1957இல் ‘விவித பாரதி’ தோன்றும்வரை அப்போட்டிக்கு ஈடு இருக்கவில்லை. எக்கலையிலிருந்து எழுந்த சிற்றலை தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளை நிறைத்தது. எஸ்.பி. மயில்வாகனன், பின்னர் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் தமிழ் உச்சரிப்பு இரு கரைகளிலும் பாராட்டப்பட்டது. மின்கம்பி எட்டாத லயங்களிலும், மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டி வந்தபின் அக்குரல்கள் ஒலித்தன.

அதனை நாம் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. நாள் முழுதும் மழையிலும் அட்டைக் கடியிலும் மலையேறி இறங்கிய ஒரு பெண், மாலையில் அடுப்பெரிக்கும்போது ஒரு நல்ல பாட்டைக் கேட்டாள் என்றால், அது அவளுக்குக் கிடைத்த நியாயமான ஊதியத்தின் ஒரு பகுதியே. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் கப்பலேற, தம்பி லயத்திலேயே தங்கினான். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், ஹட்டனின் லயங்களிலும் ஒரே இலங்கை வானொலி கேட்டது. பிரிந்த குடும்பங்கள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டன என்பதை எந்த உடன்படிக்கையும் தடுக்க இயலவில்லை.

ஆனால் அவ்வானொலியில் அம்மக்கள் கேட்போராகவே இருந்தனர். பேசுவோராக இருந்தது அரிது. ‘கவ்வாத்து’, ‘கொந்தரப்பு’, ‘பிள்ளை மடுவம்’ என்னும் சொற்கள் செய்தி வாசிப்பவரின் நாவில் எத்துணை முறை ஏறியிருக்கும்? 1967 ஜனவரியில் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாடு குடியரசாகியதும் அதன் பெயரும் மாறியது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்களும் அரசுடைமையாயின. நிலமும் வானும் இப்போது ஒரே அரசின் கையில். முதலாளி மாறினான், பெரட்டு மாறவில்லை.

தொலைக்காட்சியின் கதை சற்று வேடிக்கையானது. இலங்கையில் அதனைத் தொடங்கியவர்கள் தனியாரே. ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன ஆகியோர் முன்னின்று, பன்னிப்பிட்டியில் ஒரு தோட்டக் காணியிலிருந்து 1979 ஏப்ரல் 13ஆம் நாள் ‘சுயாதீனத் தொலைக்காட்சி’யைத் தொடங்கினர். கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டி அதன் ஒளி செல்லவில்லை. ஒருவகையிற் பார்த்தால், அதுவே இந்நாட்டின் முதலும் கடைசியுமான உள்ளூர்த் தொலைக்காட்சி எனலாம். அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் அரசு அதனைக் கையேற்றது. இரண்டு மாதங்கூட நிறையவில்லை. ‘சுயாதீன’ என்னும் பெயர் மட்டும் நீக்கப்படாது இன்றளவும் நிலைத்துள்ளது. பெயர்களுக்கு இந்நாட்டில் ஆயுள் அதிகம்.

பிற நாடுகளில் இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இங்கே ஒப்பிட்டுக் காணுதல் பயனுடையது. அமெரிக்காவில் நகரந்தோறும் ஒரு நிலையம் உண்டு. அதற்கு அனுமதிப்பத்திரம் அவ்வூரின் பெயரால் வழங்கப்படும். பெரும் வலையமைப்புகள் நாடகங்களையும் தேசியச் செய்திகளையும் தரும். உள்ளூர் நிலையம் ஒப்பந்தம் செய்துகொண்டு அவற்றை ஒளிபரப்பும். மாலையில் தன் ஊர்ச் செய்தியைத் தானே சொல்லும். வலையமைப்புகள் உள்ளூர் நிலையங்களை விழுங்கிவிடலாகாது என்று அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் 1941இலேயே விதிகள் வகுத்தது. 1943இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அவ்விதிகளை ஏற்றது. இரண்டு வலையமைப்புகளை வைத்திருந்த என்.பி.சி. நிறுவனம் அவற்றுள் ஒன்றை விற்க நேர்ந்தது. அது பின்னர் ஏ.பி.சி. ஆயிற்று. அந்நாட்டிலும் பெருமுதலாளிகள் நிலையங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தனர் என்பதும், உள்ளூர்ச் செய்தி பல இடங்களில் உள்ளூராரால் எழுதப்படுவதில்லை என்பதும் உண்மையே. முதலாளித்துவத்தின் இயல்பு வேறெங்கும் போல அங்கும் தன் வேலையைச் செய்கின்றது. எனினும், ஓர் ஊருக்குத் தன் பெயரால் ஒரு நிலையம் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையேனும் சட்டத்தில் உண்டு.

இலங்கையில் அக்கொள்கைக்கே இடமில்லை. மலையுச்சியில் நிற்பது அஞ்சல் நிலையம். கொழும்பிலிருந்து வருவதை வாங்கி வீசுவதே அதன் கடமை. ஹட்டனில் ஏதும் சொல்வதற்கு அதற்கு வாய் இல்லை.

உள்ளூர் நிலையத்தை நெருங்கிவந்த முயற்சி ஒன்று நுவரெலியா மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. மகாவலித் திட்டத்திற்காக இடம்பெயர்ந்து குடியேறிய மக்களுக்கென, டென்மார்க்கும் யுனெஸ்கோவும் உதவ, 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பெற்றது. ஒலிபரப்பாளர் ஊருக்குச் சென்று தங்கி, அவ்வூராரையே பேசவும் பாடவும் செய்து பதிவு செய்தனர். அதன் வழியில் 1989இல் கொத்மலை சமூக வானொலி தோன்றிற்று. நீரில் மூழ்கிய ஊர்களின் நினைவும், புதிய அணைக்கட்டின் அருகே வாழ்ந்தோரின் தேவையும் அதற்கு அடித்தளமாயின. 1998இல் அங்கு இணைய வசதி வந்தபோது அவர்கள் செய்த வேலை உலகத்தார் கவனத்தை ஈர்த்தது. நேயர் ஒருவர் கடிதத்திலோ தொலைபேசியிலோ ஒரு வினாவைக் கேட்பார். நிலையத்தார் இணையத்தில் விடையைத் தேடி, அதனை மக்கள் மொழியில் வானொலியில் விளக்குவர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. கணினியை வாழ்நாளிற் கண்டிராத ஓர் உழவர், அதன் பயனைத் தம் காதால் பெற்றார். பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்து பார்த்துக் கட்டுரை எழுதிச் சென்றனர்.

இம்முயற்சியை நாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆனால் சமூக வானொலி எனப்பட்ட அந்நிலையத்தின் உரிமை சமூகத்திடம் இருக்கவில்லை. அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற்கே உரியதாயிருந்தது. அரசுக்கு உவப்பற்ற வினாவை அங்கு எழுப்புதல் எளிதன்று. அது முதன்மையாகச் சிங்கள மொழியிலேயே பேசிற்று. பள்ளத்தாக்கின் வயல்களிலே நின்றோருக்கு அது ஊர் வானொலி. மேலே தேயிலைச் சரிவுகளில் நின்றோருக்கு அது பெரும்பாலும் அண்டை வீட்டு வானொலி. அண்டை வீட்டாரோடு நமக்குப் பகை எதுவுமில்லை. அவ்வீட்டு உழவரும் நம் லயத்துத் தொழிலாளியும் ஒரே ஆற்று நீரைக் குடிப்பவர்கள். ஒரே நிலையத்தில் இருவர் குரலும் கலந்து ஒலித்திருப்பின் எத்துணை நன்மை விளைந்திருக்கும் என்பதே நம் ஏக்கம்.

1992ஆம் ஆண்டு மீண்டும் ஓர் இரட்டைத் திருப்பம். அவ்வாண்டில் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. அவ்வாண்டிலேயே மகாராஜா நிறுவனத்தின் எம்.டி.வி. வழியாகத் தனியார் தொலைக்காட்சி மீண்டும் தலையெடுத்தது. 1998இல் அந்நிறுவனம் சிங்களத்திற் ‘சிரச’வையும் தமிழிற் ‘சக்தி’யையும் தொடங்கிற்று. நீர்க்குழாய் முதலிய பண்டங்களின் வாணிகத்திற் செழித்த ஒரு குடும்ப நிறுவனம், தமிழ் மக்களுக்கு முழுநேரத் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றை ஈந்தது. தமிழர் பலர் அதனை ஆவலோடு வரவேற்றனர், வரவேற்றது இயல்பே. அரசு தன் தமிழ்க் கடமையை உணர இன்னும் பதினோர் ஆண்டுகள் ஆயின. சுயாதீனத் தொலைக்காட்சியின் ‘வசந்தம்’ 2009இல் பிறந்தது. அந்த 2009 ஜனவரி 6ஆம் நாள், பன்னிப்பிட்டி தெபானமையில் இருந்த சிரச, சக்தி நிலையங்களின் கலையகத்துள் ஆயுதந் தாங்கியோர் புகுந்து கருவிகளை அழித்தனர். தனியார் உடைமையாயினும் ஒரு செய்தி நிலையம் தாக்கப்படுவது மக்களின் காதும் கண்ணும் தாக்கப்படுவதேயாகும். அதிற் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை.

ஆயினும் லயத்துத் திரையில் என்ன தெரிந்தது? கார் பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டியாயினும், பின்னர் வந்த வண்ணப் பெட்டியாயினும், மாலை நேரத்தை நிறைத்தவை சென்னையின் நெடுந்தொடர்களே. பட்டுச் சேலையுடுத்திய மாமியாரும் மருமகளும் மாளிகைப் படிகளில் நின்று ஆண்டுக்கணக்கில் வஞ்சினம் உரைத்தனர். பத்தடிக்குப் பத்தடிக் காம்பிராவில் ஆறு பேர் அமர்ந்து அதைக் கண்டனர். தமிழ் கற்பிக்கும் நாம் மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது, சென்னைத் தொடர்களின் பேச்சு தாராளமாக வந்து விழுவதைக் காண்கின்றோம். அதே மாணவரின் பாட்டி நாள்தோறும் வழங்கும் சொற்களும், ஊர்கூடி ஆடும் காமன் கூத்தும் கட்டுரையில் தலைகாட்ட அஞ்சுகின்றன. திரையில் ஒருபோதும் வாராத வாழ்க்கை எழுதத் தகாத வாழ்க்கை என்று ஒரு பிள்ளை எண்ணிவிடுகிறது. இதற்குத் தொடர் எழுதியவரைப் பழிப்பதில் பயனில்லை. விளம்பரம் தருவோன் யாருக்குப் பண்டம் விற்க விரும்புகின்றானோ, அவனுடைய வீட்டையே திரை காட்டும். நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவள் பெரிய வாடிக்கையாளர் அல்லள்.

உடைமைகள் எங்கெங்கே சந்திக்கின்றன என்பதற்கு ஒரு சான்று. 1835இல் தொடங்கப்பெற்ற ஜோர்ஜ் ஸ்டூவர்ட் என்பது, வெள்ளையர் காலத்தில் தோட்டங்களின் முகவர் நிறுவனமாக விளங்கிய பழம்பெரும் தேயிலை நிறுவனம். பிற்காலத்தில் அதன் தலைவராக விளங்கிய திலித் ஜயவீர, 2005இல் தொடங்கிய தெரண தொலைக்காட்சியின் தாபகருமாவார்; 2024இல் சனாதிபதித் தேர்தலிலும் நின்றார். இதிற் சட்டத்திற்குப் புறம்பானது எதுவுமில்லை. தேயிலையும் திரையும் தேர்தலும் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் அமைய நம் சட்டம் இடந்தருகின்றது என்பதே நாம் சுட்ட விரும்புவது.

அச்சட்டத்தைச் சற்று ஆராய்வோம். தனியார் வானொலிக்கான அனுமதிப்பத்திரம் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழும், தனியார் தொலைக்காட்சிக்கானது ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழும் அமைச்சரால் வழங்கப்பட்டு வந்துள்ளன. அரசு நிலையத்தை நடத்தவென எழுதிய சட்டத்தின் ஒரு மூலையில், அந்நிலையத்தின் போட்டியாளருக்கும் வாழ்வளிக்கும் அதிகாரம் ஒளிந்திருக்கின்றது. யாருக்கு, எந்த அடிப்படையில், எப்பகுதிக்கு என்னும் வினாக்களுக்கு அங்கே விடையில்லை. சமூக வானொலிக்கெனத் தனி வகையே இல்லை. தோட்டத்து இளைஞர் சங்கமொன்று பதினைந்து கல் தொலைவுக்கு ஒலிபரப்ப விரும்பினும், அது பெருமுதலாளி நிற்கும் அதே வாயிலில்தான் நின்று காத்திருத்தல் வேண்டும்.

நீதிமன்றம் இவ்விடயத்திற் பேசாதிருக்கவில்லை. 1995இன் தொடக்கத்தில் அரசு வானொலி முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியது. நேயர்கள் தொலைபேசி வழியே பங்குபற்றிய நிகழ்ச்சி அது. பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். தக்க காரணமின்றி அதனை நிறுத்தியமை அவருடைய பேச்சுரிமையை மீறியது என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1996இல் தீர்ப்பளித்தார். வானலைகள் பொதுச்சொத்து என்னும் கருத்து அத்தீர்ப்பின் உயிர்நாடி. அடுத்த ஆண்டில் அரசு ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தைக் கொணர்ந்தபோது, அமைச்சரின் கைப்பாவையாகக்கூடிய ஒரு சபை அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று அதே நீதிமன்றம் அதனைத் தடுத்தது. தீமையான சட்டம் தடைப்பட்டது. நன்மையான சட்டம் பிறக்கவில்லை. பழைய 28ஆம் பிரிவும் 44ஆம் பிரிவுமே தொடர்ந்து ஆட்சி செலுத்தின.

இவையெல்லாம் சட்டப் புத்தகத்துக் கவலைகள் என்று எண்ணுவோர் மீரியபெத்தையை நினைவுகூர்க. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில் உள்ள அத்தோட்டத்தின்மேல் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து விழுந்தது. லய வரிசைகள் மண்ணுள் புதைந்தன. அந்நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் எச்சரித்திருந்தனர் எனப் பின்னர்ச் செய்திகள் கூறின. அவ்வெச்சரிக்கை ஒரு கோப்பில் இருந்தது. அதனை நாள்தோறும் அம்மக்களின் காதில், அவர்கள் பேசும் தமிழில் ஒலித்து, மாற்றிடம் எங்கே என்று நிர்வாகத்தையும் அரசையும் கேட்டுக்கொண்டிருக்க அங்கொரு நிலையம் இருக்கவில்லை. மலை விழுந்தபின் எல்லா நிலையங்களின் ஒளிப்படக் கருவிகளும் வந்தன. சில நாட்களில் திரும்பின.

கூலிப் போராட்டங்களிலும் இதே நிலைதான். ஆயிரம் ரூபாய் நாட்கூலி என்னும் கோரிக்கை 2015 முதல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2021இலேயே சம்பளச் சபை வழியாக அது நிறைவேறிற்று. இத்தனை ஆண்டுகளில் அமைச்சர்களும் சங்கத் தலைவர்களும் கம்பனிப் பேச்சாளர்களும் திரையில் மாறிமாறித் தோன்றினர். நாளொன்றுக்கு எத்தனை கிலோ பறித்தால் அந்த ஆயிரம் கைக்கு வரும் என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவள் கூட்டத்தின் பின்புலமாகவே காட்டப்பட்டாள். பல்லாண்டுகளாகத் தொழிலாளரின் சந்தாவில் வளர்ந்த சங்கங்கள், அச்சந்தாவின் ஒரு பங்கையேனும் சேர்த்து ஒரு வானொலிக்கு விண்ணப்பித்திருக்கலாகாதா என்றும் நாம் கேட்கின்றோம். கட்டடங்கள் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு ஒலிவாங்கி ஒன்று பாரமாயிராது. ஒலிவாங்கியைத் தொழிலாளி கையிற் கொடுத்தால் அவள் தலைவரையும் கேள்வி கேட்பாள் என்னும் அச்சம் ஒருவேளை காரணமாயிருக்கலாம்.

இன்று மலையக இளைஞர் கைப்பேசியிற் படம் பிடித்துத் தம் ஊர்ச் செய்தியைத் தாமே உலகுக்கு அனுப்புகின்றனர். நடேசய்யரின் அச்சு இயந்திரத்திற்குப் பின், உரிமை ஓரளவேனும் நம்மிடம் வந்த கருவி இதுவே. அதன் கோபுரமும் கடல்கடந்த கம்பனிகளுக்கு உரியது என்பதை இளைஞர் அறியாதவரல்லர்.

இதற்கிடையே வேறொரு கதவு மெல்ல அசைகின்றது. தொலைக்காட்சியை எண்ணியல் முறைக்கு மாற்றுவதென்றும், அதற்கு ஜப்பானியத் தொழில்நுட்பத்தை ஏற்பதென்றும் 2014இல் அரசு முடிவு செய்தது. அம்மாற்றம் பல்லாண்டுகள் இழுபட்டு வந்துள்ளது. பழைய முறையில் ஒரு நிலையத்திற்கு வேண்டியிருந்த அலைவரிசையில் புதிய முறைப்படி பல நிலையங்கள் இடம்பெறலாம். பிதுருதலாகலையின்மேல் இடம் போதாது என்று இனி எவரும் சொல்ல இயலாது. அவ்விடங்களைப் பங்கிடும் விதிகள் எழுதப்படும்போது, மாவட்டத்திற்கொரு நிலையம் என்னும் ஒரு வரியைச் சேர்க்குமாறு கேட்க வேண்டியவர் யார்? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆசிரியர் சங்கங்கள் உள்ளன. இலக்கிய வட்டங்கள் உள்ளன. தொழிற்சங்கக் கிளைகள் தெருவுக்கொன்றாக உள்ளன. விண்ணப்பம் எழுதத் தாளும் தமிழும் நம்மிடம் உண்டு.